டைரக்டர் சேர்த்த காட்சி

"அந்த ஆளக் கண்டுபுடிச்சிருக்கவே கூடாது மச்சான்."

பதுளையில் கிளம்பிய ரயில் அப்புத்தளையை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே இருந்த இருவரில் குடை வைத்திருந்தவர்தான் இப்படிச் சொன்னார். நான் பத்திரிகையைத் தாழ்த்தாமல் காது கொடுத்தேன்.

"எந்த ஆள?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"படத்துலதான். வானத்துல போற கப்பலுக்குள்ள ஏதோ ஒரு ஜந்து பூந்துருது. சமையக்காரன் கதவச் சாத்திட்டு வாரேன்னு கீழ போறான், திரும்பி வரல. தியேட்டர்ல பாத்துட்டு, ராவுல பீலிக்குத் தண்ணியெடுக்கப் போகவே பயந்து கெடந்தேன். இப்ப அந்த டைரக்டரே, முன்னாடி வெட்டிப் போட்டதையெல்லாம் சேத்து நீளமா விட்டிருக்கான். பண்டாரவளையில வீடியோ டெக்குல போட்டாங்க. சமையக்காரன் ஒரு மூலையில செத்துக் கெடக்கான். அதப் பாத்ததும் பயமே போயிருச்சு. நல்ல படத்தக் கெடுத்துட்டான்."

ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை ஒரு கணம் தெரிந்தது, பிறகு மூடுபனியில் கரைந்தது. ரயில் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நண்பர் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"என் தம்பி இந்தியாவுக்குக் கப்பலேறினான்ல. மண்டபம் கேம்ப்புக்குப் போய்ச் சேந்த வரைக்கும் தெரியும். அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல."

குடைக்காரர் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சமையக்காரனுக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தா," என்றார் நண்பர், கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல், "நீளமான படந்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருப்பான்."