ஏழடிப் படகுக்கு எந்த மோட்டார்

— நாலே நிமிசம், சாமி. அதுக்குமேல கை வைக்க முடியல. தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு கீது.

— தொட்டியில சூடாகத்தான் செய்யும், பாஷா. படகைக் கட்டிப்போட்டு ஓட்டினா மோட்டார் திணறும். குளத்துல அவுத்து விட்டா பாரம் குறைஞ்சுடும்.

— கொறையும். எவ்ளோ கொறையும்? ஏழடிப் படகு, மூணு மணங்கு எடை, உள்ளாற லாரி பேட்டரி வேற. இந்தக் கஸ்மாலம் ஏரோப்ளேனுக்குப் பண்ணது. நிமிசத்துக்கு ஆறாயிரம் சுத்து சுத்தும். சுத்தத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதும் தலையில அஞ்சங்குலப் பித்தளைக் காத்தாடியக் கட்டித் தண்ணியில எறக்கினா சாவாம இன்னா பண்ணும்?

— யுத்தம் முடிஞ்சு மிலிட்டரி டிஸ்போசல்ல ஏலத்துக்கு வந்த புது மோட்டார். பள்ளிக்கூடக் கமிட்டிக்காராளுக்குக் காட்டியாச்சு. பளபளன்னு இருக்குன்னு அவாளுக்கெல்லாம் பிடிச்சுடுத்து.

— படகுக்குள்ள வச்சு மூடப்போற சாமானுக்குப் பளபளப்பு இன்னாத்துக்கு? சரி, அதுவே இருக்கட்டும். நடுவுல கியர் போட்டுக்கறேன். மோட்டார்ல சின்னப் பல்சக்கரம், காத்தாடி ஷாஃப்ட்ல பெருசு. மோட்டார் நாலு சுத்து சுத்தினா காத்தாடி ஒரு சுத்து. ரெண்டு நாள் குடுங்க, அரத்தாலயே பல்லு வெட்டிடறேன்.

— ரெண்டு நாள் ஏது? அடையாறு தொழிற்பள்ளிக்கு நாளைக்குக் கார்த்தால பத்து மணிக்குத் திறப்பு விழா.

— அப்ப இத்தப் பாருங்க. பழைய கார்லேர்ந்து கழட்டின டைனமோ. கரண்ட்டு குடுக்கற சாமான், அதுக்கு நாம கரண்ட்டு குடுத்தா மோட்டாராட்டம் சுத்தும். உங்களுக்கா தெரியாது? மெதுவாத்தான் சுத்தும், ஆனா எருமையாட்டம் இழுக்கும். கியர் கூட வாணாம், நேரா ஷாஃப்ட்ல மாட்டலாம். காலையில இதே தொட்டியில அரை மணி நேரம் ஓட்டினேன். வெதுவெதுன்னு கீது, அவ்ளோதான்.

— துரு பிடிச்சுக் கிடக்கு. அதோட இருபது ராத்தல் கனம். பின்பக்கம் அமுங்கிடும்.

— பேட்டரியை முன்னால தள்ளி வச்சு லெவல் பாத்துட்டேன். சுக்கானையும் ஒருபக்கமா திருப்பிக் கட்டிட்டேன். ஆளே இல்லாம வட்டம் போட்டாப்பல போவும்.

— சொன்னாக் கேளு, பாஷா. எந்த மோட்டார்னு கமிட்டிக்கு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியவன் நான். ஏரோப்ளேன் மோட்டார், நேர் ஷாஃப்ட்னு எழுதிட்டேன்.

— அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க. பேனா இல்லியா, என்கிட்ட பென்சில் கீது.

— விளையாடாதே.

— யாரு விளையாடறா? வந்தவங்க முன்னாடி படகு குளத்தை மூணு சுத்து சுத்திட்டா, ஒர்க்‌ஷாப் மாஸ்டர் வேலை அக்பர் பாஷாவுக்குன்னு கமிட்டி சொல்லிச்சா இல்லியா? அந்தச் சேதிய எனக்கு வந்து சொன்னது நீங்கதான? மாசக் கடைசியில இந்த ஷெட்டைக் காலி பண்ணணும், ஓனரு சினிமாக்காரனுக்கு வுட்டுட்டான். அம்பத்திரண்டு வயசுல லேத்தைத் தலையில தூக்கிக்கினு மயிலாப்பூர் பூரா அலைவேனா? மூணு சுத்துக்குப் பன்னண்டு நிமிசம் ஓடணும், சாமி. ஓடினா எனக்குப் பொழப்பு. நின்னா தெரு.

— தெரியும்.

— தெரிஞ்சுமா? இருபது வருசம் ட்ராம் ஷெட்டுல நீங்க ஃபோர்மேன், நான் ஃபிட்டர். வாசல்ல காலு வைக்கும்போதே மூக்கை உறிஞ்சுவீங்க. மூணாவது மோட்டார்ல வார்னிஷ் தீயறது, நிறுத்துன்னுவீங்க. கழட்டிப் பாத்தா மெய்யாலும் தீஞ்சிருக்கும். இப்ப இந்த மோட்டார் இன்னா நாத்தம் நாறுது, சொல்லுங்க.

— எனக்கு ஜலதோஷம்.

— ஜலதோஷமா? உள்ள வந்ததும் வராததுமா, பக்கத்து வூட்ல வெங்காயம் வதக்கறாங்கன்னு சொன்னீங்களே!

— அந்த மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி வை, பாஷா.

— ஏன், தாங்கலியா? நேரா மாட்டினா எரியும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதியிருக்கீங்க. ரெண்டாவது சுத்துல பொகை வரும், நடுக் குளத்துல நிக்கும், அத்தனை பேரும் சிரிப்பாங்க. நான் இன்னா பண்ணேன் உங்களுக்கு?

— நீ ஒண்ணும் பண்ணலை.

— அப்ப?

— பங்கஜத்தோட ஆத்துக்காரன்.

— உங்க மாப்பிள்ளையா? அவருக்கும் இந்தப் படகுக்கும் இன்னா?

— யுத்தத்துல ரங்கூன்லேர்ந்து நடந்து வந்து ஆறு வருஷம் ஆறது. இன்னும் ஒரு வேலை அமையலை. எங்காத்துலயே உக்காந்துண்டு இருக்கான். பொண்ணு என்னை ஒரு வார்த்தை கேக்கறதில்லை. கேட்டாத் தேவலை. தட்டை வச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுண்டு போறா. அந்த மாஸ்டர் வேலைக்கு அவனும் மனுப் போட்டிருக்கான்.

— அவரு ரங்கூன்ல அரிசி மண்டியில குமாஸ்தா. அரத்தை எந்தப் பக்கம் புடிக்கணும்னாச்சும் தெரியுமா?

— தெரியாது.

— ஏழு மாசம், சாமி. ஒவ்வொரு பலகையா வெந்நி ஊத்தி வளைச்சேன். ஷாஃப்ட் போற குழாய்ல ஒரு சொட்டு உள்ள வராம கிரீஸ் வச்சு அடைச்சேன். நீங்க தெனம் கூஜாவுல காப்பி கொண்டாந்து அந்த ஸ்டூல்ல குந்திக்கினு பாத்தீங்க. எனக்கும் ஊத்திக் குடுத்தீங்க. எப்பலேர்ந்து இது மனசுல?

— மோட்டார் வாங்கக் கிளம்பின அன்னிலேர்ந்து.

— மூணு மாசமா! மூணு மாசம் இந்த மூஞ்சிய வச்சுக்கினு என்கூட காப்பி குடிச்சீங்க. சரி. உங்க சீட்டு வாணாம், கையெழுத்தும் வாணாம். டைனமோவை மாட்டி, கைவண்டியில வச்சு, அடையாறு பாலம் தாண்டி நானே தள்ளிக்கினு போறேன். மூணு சுத்து இன்னா, முப்பது சுத்து வுடறேன். கண்ணால பாத்தப்புறம் கமிட்டி எப்படி இல்லேன்னு சொல்லும்?

— வேண்டாம், பாஷா. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— ஏன்? மாப்பிள்ளைக்குக் கெடைக்காம பூடுமேன்னு பயமா?

— அவனுக்குத்தான்னு மூணு மாசம் முன்னாடியே பேசி முடிச்சாச்சு, போன திங்கட்கிழமை ஆர்டரே வந்துடுத்து. படகு ஓடிட்டா, இதைப் பண்ணினவனை விட்டுட்டு ஏன் அவனுக்குக் கொடுத்தேள்னு நாலு பேர் கேப்பா. அதனாலதான் நின்னு போற மோட்டாராப் பாத்து எழுதிக் கொடுக்கக் கமிட்டிக்காராளே சொன்னா.