எஞ்சினை எங்கே இறக்குவது என்று முடிவாகாத நாள்

எனக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பதினெட்டு வயது நிரம்பாததால் என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. இறந்துபோனவரின் ஒரே மகள் நான். என் அம்மா என் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். நான் சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் எழுதுவதாகத்தான் இருந்தது. அவர் "பழுதடைந்த இயந்திரம் விழுந்து" என்று தொடங்கியதும், பழுதடைந்தது காரின் எஞ்சின், அதைத் தூக்கிய செயின் பிளாக்கில் பழுது எதுவும் இல்லை, இரண்டையும் சேர்த்து எழுதினால் தவறாகிவிடும் என்று நான் சொன்னேன். அதன் பிறகு அவர், "நீயே எழுதிக் குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

என் அப்பா கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் இரண்டு குடும்பமும் குடியிருக்கிறோம். வீட்டின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் என் தாத்தா வாங்கிய பழைய கார் நிற்கிறது. அது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது.

பொதுவான எதையும் இரண்டு பேரும் "சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தொடுவது என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கம். தலையை ஆட்டினால் செல்லாது. ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாவிட்டால் வேலை அப்படியே நிற்கும். எங்கள் வாசல் கதவு இன்றும் பாதி பச்சையாகவும் பாதி நீலமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். இதை இங்கே எழுதுவது அவசியமா என்று தலைமைக் காவலர் கேட்டார். அவசியம் என்று சொன்னேன்.

கார் சில மாதங்களாக ஓடவில்லை. அதைப் பார்க்க எங்கள் தெருவில் எல்லோரும் "டாக்டர்" என்று கூப்பிடும் மெக்கானிக் வந்தார். நீளமான திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பதால் அவருக்கு அந்தப் பெயர். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பில் அடிப்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது என்று அவர் சொன்னார். விரிசலை ஒட்டவைத்துப் பழைய எஞ்சினையே திரும்ப மாட்டலாம், அல்லது அவரிடம் இருக்கும் ஒரு வேன் எஞ்சினைப் பொருத்தலாம். "ஒட்டிக் குடுத்தா ஓடும் சார். ஆனா எவ்வளவு தூரம் ஓடும்னு என்கிட்ட கேக்காதீங்க. மாத்துனா மலையே ஏறும்" என்றார்.

அப்பா பழைய எஞ்சின்தான் வேண்டும் என்றார். எஞ்சினில் பொறித்த எண்ணும் வண்டியின் உடம்பில் உள்ள தகட்டு எண்ணும் பொருந்தி வருவதை அவர் என்னிடம் பலமுறை காட்டியிருக்கிறார். பெரியப்பா மாற்ற வேண்டும் என்றார். பெரியம்மாவுக்கு மூட்டுவலி. பேருந்துப் படி ஏற முடியாது. ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவரின் மனைவி வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை.

"மனுஷனுக்கே இதயத்தை மாத்தி வைக்கிறாங்க. அவன் வேற ஆளாவாடா ஆயிடுறான்?" என்று பெரியப்பா கேட்டார்.

"இதயம் சரி. உன் மூளையை மாத்தினா நீ என் அண்ணனா இருப்பியா?" என்று அப்பா கேட்டார்.

"இருக்கான்னு முதல்ல பாத்துட்டு மாத்துங்கடா" என்று பெரியப்பா சொன்னார். டாக்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

எந்த முடிவானாலும் எஞ்சினை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதால், அதற்கு மட்டும் இருவரும் சரி சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையின் இரும்பு உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டினார்கள். அது கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி. சங்கிலியின் ஒரு பக்கத்தை இழுத்தால் கொக்கி ஏறும், மறுபக்கத்தை இழுத்தால் இறங்கும். டாக்டர் எஞ்சினைச் சுற்றித் தடித்த கயிற்றைக் கட்டி, கயிறு இரும்பு விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு சாக்குத் துண்டை மடித்து வைத்தார். நான் காருடைய பழைய கையேட்டை வைத்துக்கொண்டு எந்தத் திருகை எப்போது கழற்ற வேண்டும் என்று சத்தமாகப் படித்தேன். டாக்டருக்கு அது தேவைப்படவில்லை என்றாலும் "அடுத்த பாடம் படி பாப்பா" என்று கேட்டுக்கொண்டே வேலை செய்தார். அதன் பிறகு அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து சங்கிலியை இழுத்தார்கள். எஞ்சின் அப்பாவின் நெஞ்சுயரத்துக்கு ஏறியது. காரைப் பின்னால் தள்ளினோம்.

எஞ்சினுக்கு ஒரு பக்கத்தில், ஒட்டவைக்கும் வேலைக்காக அப்பா போட்டிருந்த மரமேடை இருந்தது. இன்னொரு பக்கத்தில், பழைய எஞ்சினை ஏற்றிக்கொண்டு போக டாக்டர் கொண்டுவந்த தள்ளுவண்டி இருந்தது.

"எங்க இறக்கட்டும்?" என்று டாக்டர் கேட்டார்.

அப்பா மேடையைக் காட்டினார். பெரியப்பா தள்ளுவண்டியைக் காட்டினார். டாக்டர், "சண்டையை அப்புறம் போடுங்க, முதல்ல சும்மா தரையிலயாவது இறக்குங்க, எஞ்சினைத் தொங்க விடக்கூடாது" என்றார். தரையில் வைப்பதற்கும் அவர்களுக்குள் உடன்பாடு வரவில்லை. தரையில் வைத்தால் தள்ளுவண்டிக்குப் போக வசதியாகிவிடும் என்று அப்பா நினைத்தார். கொட்டகை மூலையில் கிடந்து துருப்பிடித்துவிடும் என்று பெரியப்பா நினைத்தார். இருவருமே அதைச் சொல்லவும் சொன்னார்கள். டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க, நான் சாப்பிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் கிட்ட போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அப்பா எஞ்சினைக் கையால் திருப்பி விரிசல் சின்னது என்று காட்டினார். பெரியப்பா அதை மறுபடி திருப்பி, துருவைப் பார் என்று காட்டினார். இப்படிப் பலமுறை திருப்பினார்கள். அப்போது பெரியப்பா, "உன்னால எதையும் விட முடியாதுடா. உடைஞ்ச மூக்குக் கண்ணாடியைக்கூட டப்பால போட்டு வச்சிருக்கிற ஆளு நீ" என்று சத்தம் போட்டார். அப்பா, "உனக்கு ஓடினாத்தான் வண்டி. நின்னா குப்பை" என்றார். அடுப்படியிலிருந்து அம்மாவுக்குக் கேட்டது இந்தப் பேச்சுதான். இதற்கு மேல் கடுமையாக எதுவும் பேசப்படவில்லை. கை நீட்டப்படவில்லை.

அதன் பிறகு எல்லோரையும் ஒன்றாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டிலேயே கை கழுவிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் தண்ணீர் குடிக்கப் பெரியம்மா பக்கத்து அடுப்படிக்குப் போனபோது பெரியம்மா பெரியப்பாவிடம், "எனக்கு எங்கயும் போக வேணாம். இங்க உக்காந்தே எனக்குப் பொழுது போகுது. தம்பி முகத்தைப் பாத்தீங்களா? ரெண்டு வாய்கூட உள்ள போகல" என்று சொன்னதைக் கேட்டேன். பெரியப்பா உப்புக் கிண்ணத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நான் கொட்டகைக்குப் போனேன். அப்பா என்னிடம் டார்ச்சைக் கொடுத்துத் தள்ளி நின்று வெளிச்சம் காட்டச் சொன்னார். பக்கத்தில் நின்றால் நிழல் விழும் என்றார். நான் தள்ளி நின்றேன். மடித்த சாக்குத் துண்டு தரையில் கிடந்தது. அது எதற்காக வைத்தது என்பதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. அப்பா குத்துக்காலிட்டு எஞ்சினுக்கு அடியில் தலையைக் கொடுத்து, "பாரு, தலைமுடி மாதிரிதான் இருக்கு. இதுக்குப் போய்…" என்றார்.

அப்போது பெரியப்பா கொட்டகை வாசலில் வந்து நின்றார். சங்கிலி அவர் நின்ற இடத்திலிருந்து எட்டாது. வலது கை ஈரமாக இருந்தது. இடது கையில் கை துடைக்கும் துண்டு இருந்தது. "தம்பி, பழசே இருக்கட்டும்டா. சரி" என்றார்.

அப்பா அடியிலிருந்து, "என்னது?" என்று கேட்டார்.

பெரியப்பா திரும்பச் சொல்ல வாயைத் திறந்தார். கயிறு அறுந்தது. உரசிய இடத்தில்தான் அறுந்தது. கொக்கி மேலேயே நின்றது, அறுந்த கயிறு அதில் ஆடியது.

அதன் பிறகு பெரியப்பா ஓடிவந்து எஞ்சினை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. அதன் பிறகு சங்கிலியை இழுத்துக் கொக்கியைக் கீழே கொண்டுவந்து, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு எஞ்சினில் மாட்டினார். "பாப்பா, பிடி" என்றார். காலையில் அப்பா நின்று இழுத்த பக்கத்தில் நான் நின்று சங்கிலியைப் பிடித்தேன். இருவரும் இழுத்தோம். எஞ்சின் ஒரு சாண் எழும்பியது. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துத் தகரக் கடைக்காரர் அப்பாவை வெளியே இழுத்தார். மருத்துவமனையில் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

கொக்கி தாழ்வாக இருந்ததையும் பெரியப்பாவின் கைகளில் சங்கிலித் தடம் பதிந்திருந்ததையும் காவலர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தடம் எஞ்சின் விழுந்த பிறகு பதிந்தது. என் கைகளிலும் அதே தடம் இருக்கிறது, ஆய்வாளரிடம் காட்டினேன். கயிற்றில் உள்ள முடிச்சும் விழுந்த பிறகு போட்டதுதான்.

பெரியப்பா தன் வாக்குமூலத்தில், தான் சரி சொன்னதாகவும், தம்பியும் சரி என்று சொன்னதாகவும், இருவரும் சரி சொல்லிவிட்டதால் தான் சங்கிலியை இழுத்ததாகவும், அதனால் எஞ்சின் விழுந்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் அதை எனக்குப் படித்துக் காட்டி, நீ சொல்வதற்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார். அம்மா, "அவரே ஒத்துக்கிட்டாரு. நீ எதுக்குடி நடுவுல?" என்றார்.

வித்தியாசத்துக்குக் காரணம் நான். மருத்துவமனை வராந்தாவில் பெரியப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். யார் தண்ணீர் கொடுத்தும் வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும், "பாப்பா, நான் சொன்னது அவன் காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார். நான், "விழுந்துச்சு பெரியப்பா. அப்பா சரின்னு சொன்னாரு" என்றேன். "சரின்னானா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அதன் பிறகு என் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

அப்பா சரி என்று சொல்லவில்லை. "என்னது?" என்றுதான் கேட்டார். பழைய எஞ்சினையே வைத்துக்கொள்ளப் பெரியப்பா சம்மதித்தது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா சரி சொல்லாதபோது பெரியப்பா சங்கிலியைத் தொட்டிருக்கவே மாட்டார். விழுவதற்கு முன் அவர் தொடவும் இல்லை. நான் கொடுத்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததாக அடுக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். நினைப்பதை எழுதக் கூடாது என்றால் இந்த வரியை மட்டும் அடித்துவிடலாம்.

பறிமுதல் செய்யும் வண்டிக்கு உரிய எஞ்சின் எது என்றும் ஆய்வாளர் கேட்டார். கொட்டகையில் கிடப்பதுதான் என்று சொன்னேன். மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு ஆனதா என்று கேட்டார். ஒருவர் பக்கம் மட்டும் ஆனது என்று சொன்னேன்.

பெரியப்பா இப்போது நிலையத்தின் முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வாக்குமூலத்தை அவருக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு முன் நானே போய் அவரிடம் சொல்ல அனுமதி கேட்டேன். ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். என்ன வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் உள்ளவை என் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஆகும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதி முடித்து அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். பெரியப்பாவின் வாக்குமூலத்தில் என் அப்பா சொன்னதாக உள்ள "சரி" என்ற சொல் என் அப்பாவுடையது அல்ல, என்னுடையது என்று உறுதி கூறுகிறேன்.

(கையொப்பம்) மகள், சாட்சி
(கையொப்பம்) தாய், காப்பாளர்