வீட்டு ஓனர்

தை மாதத்து இரண்டாம் செவ்வாய், காலை எட்டு பத்து. காவலூரிலிருந்து வாணியம்பாடி செல்லும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் லேப்டாப் பை.

"இன்னா மச்சான், வூட்ல இருந்தே வேலைன்னு வந்த. மூணே மாசத்துல பெங்களூருக்குக் கிளம்பிட்ட? சிக்னல் கிடைக்கலயா?"

"அதெல்லாம் கிடைக்குது. எனக்குத்தான் இது ஒத்து வரல. ஆபீஸ்ல, ஊர் ஊரா சுத்திக்கினே வேலை செய்யறேன்னு பீத்தி வச்சிருந்தேன். போன வாரம் வீடியோ மீட்டிங் நடுவுல அப்பா அழுக்கு லுங்கியோட சாமைக் கஞ்சி கொண்டாந்தாரு. யாருன்னு கேட்டாங்க. நான் தங்கியிருக்கற வூட்டு ஓனருன்னு சொல்லிட்டேன்."

"இங்கிலீஷ்லதானே சொன்ன? அவருக்கு இன்னா புரியும்?"

"ஓனருன்னா புரியும்டா."

"திட்டினாரா?"

"இல்ல. அன்னிலேர்ந்து என் ரூம் கதவத் தட்டிட்டுத்தான் உள்ள வர்றாரு."