இன்னும் முழுசாத் தேறலை

என் கணவர் துணி மடிக்கும் அழகைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள், டாக்டர். கையும் கையும் ஒட்டி, ஓரமும் ஓரமும் சேர்ந்து, கடையிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி அடுக்கி வைப்பார். கட்டட இன்ஜினியர் அல்லவா, ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் அவருக்கு மனசு ஒப்பாது. பாப்பாவின் ஸ்கூல் யூனிஃபார்மை அவர் முதன்முதலாக மடித்துவைத்த அன்று, நான் அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் கை பட்ட ஒரு பொருளை எங்கள் வீட்டில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதனால், ஸ்கேனில் ஒன்றுமே இல்லை, மூளை சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, "வீட்ல என்னதாம்மா நடக்குது?" என்று என்னைக் கேட்டீர்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எந்தத் தூணுக்கு எவ்வளவு தடிமனில் கம்பி போடவேண்டும் என்று கணக்குப் பார்த்து வரைபடம் கொடுப்பது அவர் வேலை. நானும் அதே படிப்புதான். அதே ஆபீஸில் அடுத்த மேஜையில் இருந்தேன். அவர் போட்ட கணக்கை நான் சரிபார்ப்பேன். அப்படித்தான் கல்யாணம் வரை வந்தது. பாப்பா பிறந்ததும் நான் நின்றுவிட்டேன். என் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

அவருடைய மேனேஜருக்கு எங்கள் வீட்டில் 'அவசரம்' என்று பெயர். எந்தச் செய்தி அனுப்பினாலும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிப்பார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் கிடந்து துடிக்கும். "அப்பா, அவசரம் மாமா கூப்பிடறார்" என்று பாப்பா எடுத்துக் கொடுப்பாள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள், "உங்க வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலையா?" என்று கேட்டார். "இல்லக்கா, உள்ளூர்தான். வெளியூரா இருந்தா லீவுக்காவது வருவாரே" என்றேன். இருவரும் சிரித்தோம். அக்கா முதலில் நிறுத்திவிட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை வைத்து என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. வாட்ச்மேன்தான் எனக்குப் போன் செய்தார். நேராக உங்களிடம் கூட்டிவந்தேன். "ஓயாம ஓடின மோட்டார் கருகிப்போற மாதிரிதாம்மா இதுவும். கொஞ்ச மாசம் ஆபீஸ் திசைக்கே தலைவெச்சுப் படுக்கக் கூடாது" என்றீர்கள். அவசரம்கூட வாயைத் திறக்காமல் லீவு கொடுத்தார்.

முதலில் தூங்கினார். தூக்கத்துக்கே அலுத்துப்போகும் வரை தூங்கினார். அப்புறம் ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு உனக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரிடமோ கேட்கிறார் என்று.

பாப்பாவுக்கு ஜடை போடக் கற்றுக்கொண்டார். ஒரு ஜடை கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும். அவிழ்த்துப் பின்னலாம் என்றால் பாப்பா தலையைத் தரமாட்டாள். சாயங்காலம் மூன்று பேரும் நடக்கப் போவோம். அந்த மாதங்களில்தான் எனக்குக் கல்யாணமே ஆனது என்று சொல்வேன்.

ஆனால் அவர் குணமாகிக்கொண்டே வந்தார். அது இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

அவசரம் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்றார். போகும்போது ஒரு சின்ன ஷெட்டின் வரைபட வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எங்களோடு நடக்க வரும்போதும் இருந்ததுதான், ஆனால் இது வேறு வெளிச்சம். முடித்துவிட்டுக் குளிக்கப் போனார். குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு தூணில் பதினாறு மில்லிமீட்டர் என்று இருந்த கம்பியைப் பன்னிரண்டு ஆக்கினேன். வேறு எதையும் தொடவில்லை.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், "பழைய நாள் மாதிரி நான் ஒருதடவை பார்க்கட்டுமா?" என்றேன்.

"பாரு, பாரு. அம்மா கையெழுத்துப் போடாம இந்த வீட்ல எது நகரும்?" என்று சிரித்தார்.

நான் நிதானமாகப் பார்த்தேன். "என்னங்க, இந்தத் தூணுக்குப் பன்னிரண்டு தாங்குமா?"

அவர் குனிந்து பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் மேஜையில் சொட்டியது. "நானா போட்டேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நானா?"

"விடுங்க. உடம்பு இன்னும் முழுசாத் தேறலை. அவ்வளவுதானே?" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். எண்ணைத் திருத்தித்தான் அனுப்பினோம். எந்தக் கட்டடத்துக்கும் ஆபத்து வரவில்லை. அந்த விஷயத்தில் நான் ரொம்ப ஜாக்கிரதை.

அடுத்த முறை வந்தபோது அவரே உங்களிடம் சொன்னார். நீங்கள் லீவை நீட்டித்துக் கொடுத்தீர்கள். மனசு ஆறுவது நேர்கோடாக இருக்காது, இரண்டு அடி முன்னே போனால் ஒரு அடி பின்னே வரும் என்றீர்கள். பின்னே வரும் அடியை நான் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான் நியாயமாகவே பேசுகிறேன், டாக்டர். அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவை தேறியபோது அவர் பழையபடி ஓடத் தயாராக இல்லை. அவசரத்திடம் நேருக்கு நேர் பேசினார். அரை நாள்தான் வேலை, ஐந்து மணிக்கு மேல் போன் கிடையாது, ஞாயிறு கிடையவே கிடையாது. அவசரம் ஒத்துக்கொண்டார். எழுதியும் கொடுத்தார்.

"பாத்தியா? வேலையும் இருக்கும், நானும் இருப்பேன்" என்றார். அதை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்த மனிதர். இருந்தாலும் சூடுகண்ட பூனை நான். இன்றைக்கு அரை நாள் என்பார்கள், நாளைக்கு முக்கால் நாள் ஆகும்.

ஒருநாள் அவர் பாப்பாவுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்தார். போன் வந்ததும் பால்கனிக்குப் போனார். நான் சமையலறைக்குள் போய் அடுப்பின் குமிழைத் திருப்பினேன். பற்றவைக்கவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு படுக்கையறைக்குப் போய், காஸ் வாசனை ஹாலைத் தாண்டி வரட்டும் என்று காத்திருந்தேன். பாப்பா ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

நான் கத்தவில்லை. குமிழை மூடிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். மூச்சை இழுத்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஃபிரிட்ஜில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பாப்பா வாசலில் வந்து நின்றாள். "அப்பா மூடினாரு. நான் பாத்தேன். டக்குனு சத்தம் கேட்டுச்சு."

அவர் தலையை நிமிர்த்தினார். அந்த நேரத்தில் அவர் பாப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். தண்ணீரில் மூழ்குகிறவன் கயிற்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

நான் பாப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். "இல்லடா கண்ணு. அது நேத்து."

"இன்னிக்குதாம்மா."

"நேத்துடா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

பாப்பா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கெட்டிக்காரி அவள். ஆனாலும் குழந்தைதானே. "ஆமா. நேத்து" என்றாள்.

அவர் அன்றோடு வேலையை விட்டுவிட்டார். அடுப்படிப் பக்கம் வருவதில்லை. ரோட்டைக் கடக்கும்போது பாப்பாவின் கையைப் பிடிப்பதில்லை, பயமாக இருக்கிறதாம். ஈரத் துண்டு தோளில் கிடக்கும், "நான் குளிச்சிட்டேனா?" என்று கேட்பார். குளித்துவிட்டீர்கள் என்பேன். நிம்மதியாகிவிடுவார். கொஞ்ச நாளாகப் பாப்பாவும் அப்படிக் கேட்கிறாள், "அம்மா, நான் ஹோம்வொர்க் முடிச்சிட்டேனா?" இருவரும் என்னிடமே கேட்டுக்கொள்வதால் வீட்டில் சத்தம் சச்சரவு இல்லை.

அவருடைய வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன், வீட்டிலிருந்தபடியே, அரை நாள். அவர் எழுதி வாங்கிய அதே நிபந்தனைகள்தான். ஐந்து மணிக்கு மேல் அவசரம் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. அவரும் மறுநாள் காலையில்தான் மறுபடி கூப்பிடுகிறார். மனசு வைத்தால் முடிகிறது, டாக்டர்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அவரை அடித்தேனா, பட்டினி போட்டேனா? ஓய்வு வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். இந்த வீட்டில் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தது நான் ஒருத்திதான்.

மணியை அடிக்கப் போகிறீர்களா? அடியுங்கள். அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கம்பியைச் சொல்லுங்கள், அடுப்பைச் சொல்லுங்கள். மரியாதையான மனிதர், குறுக்கே பேசாமல் கேட்பார். கேட்டு முடித்ததும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். இல்லை என்று நான் லேசாகத் தலையை ஆட்டுவேன். வீட்டுக்குப் போகிற வழியில் அவரே என்னிடம் சொல்வார்: "பாவம்மா அந்த டாக்டர். ராப்பகலா வேலை போல. அவருக்கு யாராவது கொஞ்சம் லீவு வாங்கிக் கொடுக்கணும்."