வெள்ளிக்கிழமைச் சந்தனம்

— மாமி, எத்தன வாட்டி கேட்டாலும் இத நான் வெல்டு வைக்கமாட்டேன். அலுமினிய சைக்கிள் ஃப்ரேம் ஒருக்க கீறிச்சுன்னா அதுக்க ஆயுசு தீந்துட்டு.

— வலியசாலைலேர்ந்து ஆட்டோல மடில வெச்சுண்டு வந்திருக்கேன், நேசையன். எங்காத்துக்காரர் ஆஸ்பத்திரில தோள்ல கட்டோட படுத்துண்டு, நேசையன்கிட்ட கொடு, ஒட்டித் தருவான்னு அதையேதான் சொல்லிண்டிருக்கார்.

— சாய் சாருக்கு இப்போ எப்படி உண்டு?

— பிளேட் வெச்சிருக்கா. பொன்முடி எறக்கத்துல முன் சக்கரம் தனியா மடங்கிடுத்தாம். பின்னால வந்த ஜீப் நின்னதால உசிரோட இருக்கார்.

— கர்த்தர் காத்தாரு.

— அவர் காத்தார், சரி. நீங்க என்ன பாத்தேள்? போன மாசம் சர்வீஸ் பண்ணிட்டு, வண்டி நன்னா இருக்குன்னு சொன்னது நீங்கதானே?

— நாந்தான் சொன்னேன்.

— ஏழு வருஷமா மலை எறங்கற சைக்கிள். எங்க கீறும்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும் மாமி. ஹேண்டில்பார் வந்து சேருக கழுத்துக்குக் கீழ, இந்த ஜாயின்ட்லதான். மொதல்ல முடி கணக்கா ஒரு கோடு விழும், பெயிண்ட் பொரிஞ்சு வரும். அன்னைக்கு மொத்த ஃப்ரேமையும் துடச்சுப் பாத்தேன். இந்த ஒரு எடத்த மட்டும் துடைக்கல்ல.

— ஏன்?

— நீங்க சந்தனமும் குங்குமமும் வச்சிருந்தீங்க. கட்டியா, நாலு விரல் அகலத்துக்கு. நான் சர்ச்சுக்குப் போறவன். உங்க வீட்டுப் பூஜைல வச்சத நான் துடச்சா நல்லாருக்குமா? எனக்க கை வரல்ல. சாரும் பக்கத்துலதான் நின்னாரு, ஒண்ணும் சொல்லல்ல.

— வெள்ளிக்கிழமை தவறாம நான்தான் வெப்பேன். மலைக்குப் போறவராச்சே, ஒண்ணும் ஆகப்படாதேன்னு. அப்போ நான்தான் அத மூடி வெச்சிருக்கேன்.

— அப்படிச் சொல்லாதீங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு துடச்சிருக்கலாம். எனக்குத்தான் தோணல்ல.

— ஒரு நாளாவது பழசைத் துடைச்சுட்டு வெச்சிருக்கலாமே நான். மேல மேல அப்பினேன். சில வாரம் பாத்தா போயிருக்கும். மழைல கரைஞ்சுடுத்து பத்மஜா, கட்டியா வெச்சுடுன்னுவார்.

— சாரா அப்படிச் சொன்னாரு?

— ஆமா. விபூதிகூட இட்டுக்காத மனுஷன், இதுல மட்டும் இவ்வளவு சிரத்தையேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

— மாமி, இந்தாங்க ஈரத்துணி. மிச்சம் ஒட்டியிருக்கத நீங்களே துடைங்க. எனக்கு ஒண்ணு பாக்கணும்.

— ஐயோ, பாதி பிளந்து கெடக்கே. இது என்ன, கீறலுக்குக் குறுக்க கறுப்பா கோடு? மூணு இருக்கு. பக்கத்துல நம்பர் வேற.

— மார்க்கர்ல போட்டது. கீறல் வளருகான்னு பாக்க நாங்க இப்படித்தான் கோடு போட்டு தேதி எழுதுவோம். ஆனா இது எனக்க எழுத்து இல்ல.

— ஏழுக்கு நடுவுல இப்படி ஒரு கோடு இழுக்கறது அவர்தான். ஜூன் பன்னண்டு. ஜூன் இருபத்தாறு. ஜூலை பதினேழு. இருங்கோ, அந்த செல்போன்ல காலண்டர எடுங்கோ.

— மூணும் வியாழக்கிழமை, மாமி.

— நான் சந்தனம் வெக்கறதுக்கு மொத நாள்.

— தெரிஞ்சேதான் ஓட்டியிருக்காரு. எங்கிட்ட சொல்லியிருந்தா மறுநாளே வேற ஃப்ரேம் மாத்தியிருப்பேனே. எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் சார் காசு செலவழிக்கப் பிசுக்கு பாக்கிற ஆளும் இல்ல. எதுக்கு மறச்சாரு?

— இந்த சைக்கிள் வரச்சே ஆத்துல சுவர் பூரா பழைய சைக்கிள் ஃப்ரேமாத் தொங்கிண்டிருந்தது. இதுதான் கடைசி, இனிமே புதுசா ஒரு ஃப்ரேம்கூட உள்ள வரப்படாதுன்னு கோவில் நடைல அவர நிக்க வெச்சு, என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினார், நேசையன்.