களிமண் தடவிய உதடு

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிடும் என்பதுவரை எனக்குத் தெரியும் ஐயா. மாடியில் தங்கை, கீழே நான். பரணிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது.

அவள் கணவர் போர் விமானத்துக்குக் காற்றுவாய் வரைகிறவர். ஒலியை முந்தும் வேகத்தில் வரும் காற்றை அடக்கி இன்ஜினுக்குள் அனுப்பும் வாய் அது. அதன் உதட்டைக் கத்திபோல் கூராக வைத்திருந்தார். நேராகப் பறக்கும்வரை அருமை; மூக்கைத் தூக்கினால் காற்று உதட்டிலேயே முறிந்து இன்ஜின் இருமும். காற்றை வேகமாகப் பாய்ச்சிப் பார்க்கும் சோதனைச் சுரங்கத்தில் அவர் வரைந்த வாயின் சிறு மாதிரி இருமிக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை தோற்றால் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

"அங்க வீட்டோட தோட்டமும் இருக்காம்க்கா" என்றாள் தங்கை.

"ஒரு தொட்டிச் செடிய உருப்படியா வச்சிருக்கியாடி நீ?"

சிரித்தாள். போவதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

அதே சோதனைக்கூடத்தில் மாதிரியைத் தயார் செய்வது என் வேலை. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் திருகாணிக் குழிகளில் களிமண் அடைத்துக் கட்டைவிரலால் வழிப்பேன். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. அன்று விரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. உதட்டோரம் தடவினேன், கூர் மழுங்கியது. மாதிரி இருமவில்லை. தங்கை கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் களிமண்ணைத் துடைத்துவிட்டேன். வரைபடத்தில் இருந்தபடி தொழிற்சாலை கூராகவே வெட்டியது.

விமானம் பறக்கும் நாளன்று அவர் கீழே வந்தார்.

"பின் சீட்டுல நானும் போறேன்க்கா. நான் செஞ்ச வாய் எப்படிச் சாப்பிடுதுன்னு பாக்க வேணாமா?"

"மூக்கத் தூக்குவீங்களா?"

"அதுக்குத்தானே போறோம்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் சோதனை தோற்கும்; பெட்டி மறுபடி இறங்கும்.

"மேல குளிரும் மாப்பிள்ளை, ஸ்வெட்டர் போட்டுக்குங்க" என்றேன். அக்கறையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

இரண்டு பேரும் திரும்பவில்லை. விமானியின் மனைவி எதிர் வரிசையில் இருக்கிறாள். வாசல் விளக்கைப் பகலிலும் அணைப்பதில்லை, மின்சாரம் வீண்.

தங்கை மாடியைக் காலி செய்து என் அறைக்கே வந்துவிட்டாள். பேச்சில்லை. ஊட்டினால் வாயைத் திறக்கிறாள். பெட்டியை நானே பரணில் ஏற்றினேன்.

களிமண் தடவியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் ஐயா. அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?