பால் கொட்டிய கதைக்கு நல்ல முடிவு

குழந்தைகள் கதை சொன்னால் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன், டாக்டர். எனக்கு அப்படி ஒரு பழக்கம்.

பெரியவளுக்கு ஐந்து வயதானபோது பள்ளிக்குப் பொம்மைகளோடு ஒரு அம்மா வந்தார். பாதிக் கதையை அவர் சொல்வார், மீதியைக் குழந்தை சொல்ல வேண்டும். அதை வைத்தே, பிற்காலத்தில் எந்தப் பிள்ளைக்கு மனநலப் பிரச்சினை வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து உதவுவார்களாம். நல்ல விஷயம்தான்.

அவள் என் கணவரின் முதல் மனைவி விட்டுப்போன பிள்ளை. எதையாவது உளறிவைத்தால் என் தலையில்தானே விடியும்? அதனால் வீட்டிலேயே பழக்கினேன். பெரிய நூல்கண்டு அம்மா, மிஷினுக்குள் போடும் குட்டி பாபின் பாப்பா.

"பாப்பா பாலக் கொட்டிட்டா. அப்புறம்?"

"சித்தி பாப்பாவ அலமாரில வச்சுப் பூட்டிட்டாங்க."

"அடியே, கதை கேட்டா வீட்டு வம்பு பேசுறியே. அம்மா துடைச்சாங்க, முத்தம் குடுத்தாங்க. சொல்லு."

சொல்லமாட்டாள். சொல்லும்வரை அலமாரியில் இருப்பாள். நான் கை நீட்டுகிறவள் அல்ல. கால் மடக்கி உட்கார வசதியாகக் கீழ்த்தட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்தேன். கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

பரிசோதனையன்று வாசலருகே உட்கார்ந்து கேட்டேன். பால் கொட்டியது, அம்மா துடைத்து முத்தம் கொடுத்தாள். பாப்பா மரத்திலிருந்து விழுந்தாள். அம்மா துடைத்து முத்தம் கொடுத்தாள். நாய் காணாமல் போனது. அதற்கும் துடைத்து முத்தம். பழக்கியது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ சிரித்தார்.

"குடுத்து வச்ச பொண்ணுங்க இது. கவலையே வேணாம்."

கிளம்பும்போது இவள் அவருடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை, முடியைப் பிய்த்துக்கொள்கிறாள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். பூட்டியது நான்தான், மறைக்கவில்லை. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். வீட்டில் தங்கையிடம் பேசத்தான் செய்கிறாள்.

நான் பெற்ற அந்தச் சின்னவளுக்கு வரும் வாரம் அதே பரிசோதனை. பெரியவள்தான் பழக்குகிறாள், அலமாரி இருக்கிற அறையின் கதவைச் சாத்திக்கொண்டு. சின்னவள் முதலில் அழுதாள். இப்போது உள்ளேயிருந்து சத்தமே வருவதில்லை. ஒரு வயிற்றில் பிறக்காவிட்டாலும், அக்கா என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.